டீ ஃபேக்டரிக்குள்ள இரிடியம் டீல்: 32வது நிமிஷம் முதல் குண்டு, மிச்ச ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுறது?

கேள்வி: கட்டபெட்டு கதைக்காரன்

வணக்கம். 95 நிமிஷப் படம், ஒரே ராத்திரி, ஒரே இடம். கோத்தகிரி பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு டீ ஃபேக்டரி. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற நாலு பேர் 'ரைஸ் புல்லர்' விக்கிறாங்க. இடி விழுந்த கோபுரக் கலசம், உள்ள இரிடியம், அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விண்வெளிக்காரன் கோடிக்கணக்குல வாங்கிப்பான்னு நம்ம ஊர்ல ஓடுற அதே கதை. வாங்குறவங்க கூடலூர்ல இருந்து மூணு பேர். நடுவுல ஒரு புரோக்கர், 'டெஸ்ட்' பண்ண கூட்டிட்டு வந்த போலி விஞ்ஞானி, அப்புறம் ஃபேக்டரி வாட்ச்மேன். மொத்தம் பத்துப் பேர். ஒருத்தனும் நல்லவன் இல்ல, ஒருத்தனுக்கும் ஒழுங்கா சுடத் தெரியாது.

முதல் 32 நிமிஷம் படிச்சவங்க சிரிக்கிறாங்க. டீல் உடைஞ்சு முதல் குண்டு வெடிச்சதும் பக்கம் நகரல. "சுடறான், ஒளியறான், திட்டறான், மறுபடி சுடறான்". 60 பக்கம் இதேதான். கொத்துக் கொத்தா ஆளைச் சாகடிச்சுப் பார்த்தேன், இன்னும் மோசமாச்சு.

ரெண்டாவது, எடுக்கிற பக்கம். பட்ஜெட் சின்னது, 18 நாள், ஒரே கேமரா. துப்பாக்கி, ரத்தம், மேல பனிமூட்டம், கரன்ட், பர்மிஷன் எல்லாம் எங்கெங்க கழுத்தறுக்கும்? கதையில ஒரு கரடியும் உண்டு. கொடைக்கானலுக்கு மாத்தினா சுலபமா இருக்குமா?

பதில் 1: டூரிங் டாக்கீஸ்

குண்டை எண்ண முடியாத படம்தான் போரடிக்கும். முதல் வேலையா எத்தனை தோட்டா இருக்குன்னு முடிவு பண்ணுங்க. உங்க ஆளுங்க கையில நியாயமா என்ன இருக்கும்? பழைய .32 ரிவால்வர் ரெண்டு, ஒண்ணுக்கு ஆறு, அதுல ஒருத்தன் பாக்கெட்டுல உதிரி நாலு: 16. எஸ்டேட் லைசென்ஸ்ல இருந்து திருடின இரட்டைக் குழல் ஒண்ணு, குழல்ல ரெண்டு, கையில ஆறு: 8. நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு, மருந்து அஞ்சு தடவைக்குத்தான் வரும். மொத்தம் 29 வெடி. மத்தவன் கையில கவாத்துக் கத்தி. 29 வெடியை 60 நிமிஷத்துக்குப் பிரிச்சா ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. அப்ப ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விளைவு எழுதியாகணும்: ஒரு காயம், இல்ல ஒரு விளக்கு போகணும், இல்ல ஒரு ரகசியம் வெளிய வரணும். விளைவு எழுத முடியாத வெடியை வெட்டுங்க.

நாட்டுத் துப்பாக்கியை மட்டும் தனியா கவனிங்க. ஒரு தடவை சுட்டதும் மருந்து, தக்கை, ரவை, கம்பியால குத்தல்னு நிதானமா முழு வேலை இருக்கு. அந்தப் பதட்டத்துல ஒரு நிமிஷத்துக்குக் குறையாது. கோத்தகிரி ஈரத்துல மருந்து நமுத்துடும். "டிக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சுட்டவனும் சுடப்படவேண்டியவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்க. அந்தப் பார்வைதான் உங்க படம். வெடிச்சாலும் கருப்பு மருந்துக்கு அடர்ந்த வெள்ளைப் புகை வரும், மூடின கூடத்துல அது சீக்கிரம் கலையாது. சுட்டவனுக்கே எதிராளி தெரிய மாட்டான்.

அடுத்தது இடம். கிராஃப் தாள்ல ஃபேக்டரியை அளவோட வரைஞ்சு, பத்துப் பேருக்கும் பத்துக் கலர் பொத்தான் வச்சு நகர்த்துங்க. டீ ஃபேக்டரி இந்த மாதிரிக் கதைக்குன்னே கட்டின மாதிரி இருக்கும். மேல்மாடியில இலையை வாட்டுற ட்ரஃப், அதாவது நீளத் தொட்டி: 60 அடிக்கு மேல நீளம், 6 அடி அகலம், கம்பி வலைத் தளம், அடியில காத்து போக ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் காலியிடம், கோடியில பெரிய விசிறி. வாடின இலையைக் கீழ தள்ள மாடித் தரையிலேயே ஒரு ஓட்டை. கீழ ரோலர், இலையை நசுக்கிக் கிழிக்கிற சிடிசி மெஷின், புளிக்க வைக்கிற இடம், டிரையரும் அதோட விறகு அடுப்பும், சலிக்கிற அறை, மூட்டை கட்டுற அறை. ஓட்டை வழியா மேல இருந்து என்னெல்லாம் விழலாம்னு ஒரு பட்டியல் போடுங்க: இலை, செருப்பு, பணக்கட்டு, விஞ்ஞானி. பார்க்கிறவனுக்கு முதல் 32 நிமிஷத்துலயே இந்த இடம் மனப்பாடம் ஆகணும். சிரிக்க வைக்கிற அந்தப் பகுதியில வாட்ச்மேன் வேண்டா வெறுப்பா சுத்திக் காட்டுற ஒரு காட்சி வைங்க. பின்னாடி எவன் எங்க கிடக்கிறான்னு யாரும் குழம்ப மாட்டாங்க.

காய அட்டவணை. பத்து வரிசை, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கட்டம். யாருக்கு எங்க அடி, எந்தக் கை வேலை செய்யுது, குரல் எவ்வளவு இருக்கு. கணுக்கால்ல குண்டு வாங்கினவன் பத்து மீட்டர் தவழ ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துல எதிராளி மறுபடி மருந்து குத்திக்கிட்டு இருப்பான். ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டினா அதுதான் சேஸிங். 70வது நிமிஷத்துல ஓடறவனே இருக்கக்கூடாது. எல்லாரும் தரையில. தரையில படுத்துக்கிட்டுப் பேரம் பேசற பத்துப் பேரைப் பார்த்தா தானா சிரிப்பு வரும்.

டீல் எதுல உடையுது? துரோகம்னு எழுதியிருந்தா மாத்துங்க, அது எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். இந்த மோசடியோட சூட்சுமமே அரிசிக்குள்ள இரும்புத் தூளோ கம்பித் துணுக்கோ வச்சு, கலசத்துக்குள்ள காந்தம் வைக்கிறதுதான். உங்க கதையில பனி உள்ள வருது. அரிசி ஈரமாகுது. இப்ப அது கலசத்துல ஒட்டுது, டீத்தட்டுலயும் ஒட்டுது, விஞ்ஞானி கட்டைவிரல்லயும் ஒட்டுது. "அப்ப இதுவும் ரைஸ் புல்லரா?"ன்னு வாங்க வந்தவன் தட்டைத் தூக்கிக் காட்டுறான். யாரும் பொய் சொல்லல, யாரும் காட்டிக் கொடுக்கல. மலையோட ஈரம் டீலை உடைக்குது.

இரிடியம் பத்தி ஒரு கணக்கு. அதோட அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 22.5 கிராம். ஒண்ணரை லிட்டர் சொம்பு அளவு கெட்டியா இருந்தா 34 கிலோ வரும். ஈயம் ஊத்தி ஏமாத்தினாலும் 17 கிலோதான். பத்துப் பேர்ல ஒரு பையன் பி.எஸ்.ஸி. ஃபிசிக்ஸ் பாதியில விட்டவனா இருக்கட்டும். கலசத்தை ஒத்தைக் கையால தூக்கினதுமே அவனுக்கு விஷயம் தெரிஞ்சுடும். ஆனா அவன் விக்கிற கட்சி. வாயைத் திறக்க முடியாது. அந்த முகத்தை வச்சே பத்து நிமிஷம் ஓட்டலாம்.

பணமும் அதே மாதிரி. 1 கோடின்னா 500 ரூபாய்த் தாள் 20,000, அதாவது 200 கட்டு. ஒரு தாள் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட, அதனால 20 கிலோவுக்கு மேல போயிடும். டீல் 3 கோடின்னா 600 கட்டு, 60 கிலோ தாண்டும், 70 லிட்டர் இடம் பிடிக்கும். சூட்கேஸை ஒத்தைக் கையில தூக்கிட்டு நடக்கிற ஹீரோ வேற படத்துக்காரன். உங்க படத்துல தோள்ல குண்டு வாங்கினவன் 60 கிலோவை எப்படி இழுக்கிறான்? 2000 ரூபாய்த் தாள் காட்டாதீங்க, 2023 மே மாசமே திரும்ப வாங்குறதா அறிவிச்சாச்சு. இல்லன்னா அதையே ஜோக்கா வைங்க: ஒரு பை முழுக்க 2000 தாள்.

கொடைக்கானல் வேண்டாம். பழனி மலையில கீழ்ப்பகுதி, தாண்டிக்குடிப் பக்கம்லாம் காபிதான். டீ ஃபேக்டரி கதையை அங்க ஒட்ட முடியாது.

பதில் 2: சொட்டுச் சிவப்பு

துப்பாக்கி வாடகைக்கு எடுக்கிறதுன்னா டம்மி மட்டும் எடுங்க. சென்னை வடபழனி, சாலிகிராமம் பக்கம் ப்ராப்பர்ட்டி கம்பெனிகள்ல கிடைக்கும். குழல் அடைச்சதான்னு நீங்களே விளக்கடிச்சுப் பாருங்க. சத்தமும் தீப்பொறியும் எடிட்டிங்ல போட்டுக்கலாம். 29 வெடிதானே, கிராஃபிக்ஸ்காரருக்கு அது ஒரு வார வேலைகூட இல்ல. வெற்றுத் தோட்டா போட்டாதான் நடிகருக்கு அதிர்ச்சி இயல்பா வரும்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க. வெற்றுத் தோட்டாவிலயும் கிட்டத்துல இருந்து அடிக்கிற காத்தும் தக்கையும் ஆளைக் கொல்லும். அதுக்கான லைசென்ஸ், பொறுப்பாளர், தூர அளவு எதுவும் 18 நாள் படத்துக்குள்ள அடங்காது. அதிர்ச்சி வேணும்னா கேமராவுக்குப் பின்னாடி நின்னு ஒரு பலகையைத் தரையில அடிங்க, போதும்.

டீ ஃபேக்டரிக்குன்னு தனியா ஒரு ஆபத்து இருக்கு. உத்தரத்து மேலயும் சலிக்கிற அறை மூலையிலயும் பல வருஷத்துப் பஞ்சு மாதிரித் தூள் அப்பிக் கிடக்கும். பொறி பட்டா பிடிச்சுக்கும். அதனால பட்டாசு வகை எதுவுமே உள்ள வேண்டாம். சலிக்கிற அறையை முதல் நாளே பெருக்கி, ஈரத்துணியால துடைச்சுடுங்க.

உடம்புல குண்டு படறதுக்கு: சட்டையில உள்பக்கம் உப்புத்தாளால தேய்ச்சு நூலிழை தெரியிற வரைக்கும் நைசாக்கணும், நடுவுல பிளேடால ஒரு பெருக்கல் குறி. பின்னாடி 30 மில்லி ரத்தம் நிரப்பின மெல்லிய பாலிதீன் பை, அதுக்குப் பின்னாடி தோல் மேல ஒரு கெட்டி ரெக்ஸின் துண்டு. பையில ஒரு பொத்தானைக் கோத்து, தூண்டில் நரம்பை அந்தக் கிழிசல் வழியாவே வெளிய எடுத்து, கேமராவுக்குத் தெரியாத பக்கம் நிக்கிற ஆள் வெடுக்குனு இழுக்கணும். பொத்தான் பையையும் கிழிச்சுத் துணியையும் கிழிச்சுக்கிட்டு வரும். நரம்பு நாலு மீட்டருக்கு மேல போனா தொய்வுல வேகம் போயிடும்.

சுவர்ல குண்டு படறதுக்கு முல்தானி மிட்டி. அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் வாயில ஒரு ஸ்பூன் வச்சு, மறுமுனையில சைக்கிள் பம்ப். டீத்தூளைப் போட்டு ஊதாதீங்க, கண்ணுல விழுந்தா நடிகர் அன்னைக்கு அவ்வளவுதான்.

ரத்தம். கெட்டிச் சர்க்கரைப் பாகு ஒரு லிட்டர் (சர்க்கரை ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு), சிவப்பு ஃபுட் கலர் ரெண்டு டீஸ்பூன், கோகோ பவுடர் ஒரு டேபிள் ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சது, நீலக் கலர் மூணு சொட்டு. கீழ இருக்கிற ஊர்ல இது போதும். மேல ராத்திரி பத்து டிகிரிக்குப் போனா பாகு மறுபடி கல்லாகும், ஓடாது. அதனால சர்க்கரையில கால் பங்கைக் குறைச்சு அந்த இடத்துக்கு லிக்விட் குளுக்கோஸ் போடுங்க. வர்க்கி போடுற ஊர்ல பேக்கரிச் சாமான் கடைக்கா பஞ்சம்? பாட்டிலை வெந்நீர் பக்கெட்டுலயே நிக்க வைங்க. துணியில படற ரத்தத்துல மட்டும் பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு ஸ்பூன் சேர்த்தா கறை ஓரளவு போகும். வாய்ல வைக்கிற ரத்தத்துல சேர்க்கக்கூடாது, ரெண்டு பாட்டிலுக்கும் வேற வேற கலர் மூடி போடுங்க. எறும்பு வரும். ஷாட் முடிஞ்சதும் தரையைச் சுடுதண்ணியில துடைக்க ஒரு ஆள் தனியா வேணும்.

ரத்தம் நேரமாக ஆகக் கருக்கணும். 40வது நிமிஷத்துல அடிபட்டவன் 80வது நிமிஷத்துலயும் பளீர்னு சிவப்பா இருந்தா டூரிங் டாக்கீஸ் சொன்ன அட்டவணை வீண். புதுசு, ஒரு மணி நேரப் பழசு, காய்ஞ்சதுன்னு மூணு பாட்டில் கலக்குங்க. காய்ஞ்சதுல கோகோ மூணு மடங்கு. சட்டை ஆளுக்கு நாலு செட்: சுத்தமா ஒண்ணு, ரத்தம் படற ஷாட்டுக்கு ரெண்டு, காய்ஞ்ச கறையோட ஒண்ணு. பத்துப் பேருக்கு நாப்பது சட்டை. அதனால கடையில நாலு ஒரே மாதிரி கிடைக்கிற சட்டையா மட்டும் எடுங்க. ஸ்வெட்டர், மங்கி கேப் போட ஆசைப்படுவீங்க. ஒரே டிசைன்ல நாலு கம்பளி ஸ்வெட்டர் தேடி அலையணும், அதுவும் ரத்தத்தை உறிஞ்சிக்கும், கேமராவுல வெறும் கருப்புத் திட்டாத்தான் தெரியும். வெளிர் நிறச் சட்டை, மேல திறந்த ஜெர்கின்.

கண்ணாடி உடையற ஷாட்டுக்குச் சர்க்கரைக் கண்ணாடி செய்யாதீங்க. ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில பிசுபிசுன்னு தொங்கிடும். ரெசின்ல வார்த்ததா வாங்குங்க, நாலே நாலு. எந்த நாலு ஜன்னல்னு இப்பவே முடிவு பண்ணுங்க.

பதில் 3: கட்டபெட்டு கதைக்காரன்

அரிசி தட்டுல ஒட்டுறது கேட்டதும் மொத்தக் கதையும் தெரிஞ்ச மாதிரி இருக்கு, நன்றி. சட்டைக் கணக்குதான் பயமா இருக்கு. கேமரா, லைட் பக்கம் யாராவது? ஃபேக்டரியில கரன்ட் இணைப்பு துண்டிச்சிருக்கு. ராத்திரிக் கதைன்னா 18 நாளும் ராத்திரியிலதான் எடுக்கணுமா?

பதில் 4: தொட்டபெட்டா லென்ஸ்

வேண்டியதில்ல. ராத்திரி முழுக்க எடுத்தா நாலாவது நாள் யூனிட் பாதிப் பேர் காய்ச்சல்ல படுத்துடுவாங்க. உள்காட்சிக்கு ஜன்னல் எல்லாம் வெளிப்பக்கம் ஒண்ணரை அடி தள்ளிச் சட்டம் அடிச்சுக் கருப்புத் துணி கட்டுங்க. அந்த ஒண்ணரை அடிக்குள்ள எல்இடி குழல் விளக்கு வச்சா நிலா வெளிச்சம் ரெடி. கண்ணாடியோட ஒட்டிக் கட்டினா துணி மடிப்பு தெரியும். காலை ஏழுக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் உள்ள, ஆறரைக்கு மேல ரெண்டு மணி நேரம் வாசல், கார், வராந்தா ஷாட். இப்படிப் பிரிச்சா 18 நாள் தாங்கும்.

கரன்ட் இல்லாதது கதைக்கு வரம். படத்துல விளக்கு எதெதுன்னு தோட்டா மாதிரியே எண்ணுங்க: ரெண்டு காரோட ஹெட்லைட், ஒரு பெட்ரோமாக்ஸ், வாட்ச்மேன் டார்ச், மொபைல்கள். 29 வெடியில மூணு வெடி விளக்கைத் தின்னட்டும். கார் பேட்டரி இறங்க இறங்க ஹெட்லைட் மஞ்சளாகிறது இலவச சஸ்பென்ஸ். எடுக்கிறப்ப நிஜ ஹெட்லைட்டை நம்பாதீங்க, மங்கற அளவு நம்ம கையில இருக்கணும். பம்பருக்கு மேல கேமராவுக்குத் தெரியாம ரெண்டு பார் லைட், டிம்மர்ல. மலிவான எல்இடியும் நிஜ டியூப்லைட்டும் ஃப்ரேம்ல வர்றப்ப விநாடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் கோணம் 180 டிகிரின்னு வச்சா மினுக்கும். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரன்ட். 172.8 டிகிரி வைங்க, நிக்கும்.

ஜெனரேட்டர்ல எல்லாரும் வழுக்குற இடம் ஒண்ணு உண்டு. கீழ 62.5 கேவிஏன்னு எழுதியிருக்கிறது மேல 62.5 இல்ல. டர்போ இல்லாத டீசல் இன்ஜின் 300 மீட்டர் ஏறினா மூணு சதவீதம் அளவுக்கு இழுவை குறையும். கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்துக்குக் கிட்ட. 15 முதல் 20 சதவீதம் போச்சுன்னு வச்சுக்கங்க, கையில 50தான் நிக்கும். லைட் எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் பார்க்காம ஷூட்டிங் ஆரம்பிக்காதீங்க. பெரிய ஜெனரேட்டர் வேன் கொண்டை ஊசி வளைவுல திரும்புமான்னு டிரைவரைக் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க. ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் 60, 70 மீட்டர் தள்ளி மேட்டுக்கு அந்தப்புறம் நிறுத்துங்க, கேபிள் அதுக்கேத்த மாதிரி எடுத்துட்டு வாங்க.

பனிமூட்டம். வைட் ஷாட்டுல உள்ள வரும், க்ளோஸப்புல போயிருக்கும். அதோட மல்லுக்கட்டாதீங்க. புகை மெஷினால மெல்லிசா ஒரு மூட்டத்தை 18 நாளும் கூடத்துக்குள்ள நிரந்தரமா வச்சுட்டா, நிஜப் பனி உள்ள வந்தாலும் வித்தியாசம் தெரியாது. அளவு மாறாம இருக்க, தூரத்துச் சுவர்ல ஒரு வெள்ளை அட்டை ஒட்டி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி அது எவ்வளவு மங்கலா தெரியுதுன்னு போன ஷாட் படத்தோட ஒப்பிடுங்க.

கேமராவை வராந்தா குளிர்ல இருந்து உள்ள கொண்டு வந்ததும் லென்ஸ் வேர்க்கும். பையில போட்டு ஜிப் மூடி அரை மணி நேரம் உள்ளேயே வச்சுட்டு அப்புறம் திறக்கணும். பேட்டரியும் குளிர்ல சீக்கிரம் இறங்கும், கணக்குப் போட்டதுல ஒண்ணரை மடங்கு எடுத்துட்டுப் போங்க.

பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதிதான் சரியான நேரம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம், மண்சரிவும் அப்பதான். ஏப்ரல், மே சீசன்ல ரூம் வாடகையே பட்ஜெட்டை முழுங்கிடும்.

பதில் 5: பின்னணி ஓசை

தகரக் கூரைக்குக் கீழ லைவ் சவுண்ட் வேண்டாம்னு பலர் சொல்வாங்க. நான் மாறுபடறேன். தரையில கிடந்துக்கிட்டு முனகிப் பேரம் பேசற சிரிப்பு டப்பிங் தியேட்டர்ல நின்னுக்கிட்டுப் பேசினா வராது. வயிறு அமுங்கின குரல் வேற. வசனத்தை லைவ்வா எடுங்க, மழை பிடிச்சா நிறுத்திட்டு வசனம் இல்லாத ஷாட்டுக்குப் போங்க. ஒவ்வொரு நாளும் மூடறதுக்கு முன்னாடி எல்லாரையும் அசையாம நிக்க வச்சு அந்தக் கூடத்தோட வெறுஞ்சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்கங்க.

மூடின கூடத்துல முதல் இரட்டைக்குழல் வெடிச்சதும் பத்துப் பேருக்கும் காது அடைச்சிடும். அதைப் படம் முழுக்க மறக்காதீங்க. "கிசுகிசு"ன்னு பேசறதா நினைச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கிறவன் கத்துறான், எதிர்க்கட்சிக்குத் திட்டம் பூரா தெரியுது, ஆனா அவனுக்கும் காது அடைச்சதால தப்புத்தப்பா விளங்குது. இதை வசனத்துல விளக்கத் தேவையில்ல. முதல் வெடிக்கு அப்புறம் 40 விநாடி வசனத்தை மட்டும் மழுங்கடிச்சு 'ங்ங்ங்'னு ஒரு இழை ஓட்டினா புரிஞ்சுடும்.

இன்னொண்ணு மலை கொடுக்கிறது: எதிரொலி. வாசல்ல நின்னு சுட்டா, எதிர்ச்சரிவு 340 மீட்டர் தூரம்னா சத்தம் போய்த் திரும்ப சரியா ரெண்டு விநாடி. ஒரு வெடி, ரெண்டு விநாடி அமைதி, அப்புறம் எதிர்ப்பக்கத்துல இருந்து இன்னொரு வெடி. உள்ள இருக்கிறவன் "வெளிய இன்னொரு கோஷ்டி வந்துட்டாங்கடா"ன்னு நம்புறான். இல்லாத ஒரு கோஷ்டியைப் பார்த்து நாலு தோட்டா வீணாகுது. அவனும் சுடச்சுட அந்தக் கோஷ்டியும் திருப்பிச் சுடும்.

பதில் 6: நாலாம் வளைவு

மலைக்காரங்க தரப்புல சில விஷயமுங்க.

தனியார் ஃபேக்டரின்னா ஓனர்கிட்ட எழுத்துல வாங்குங்க. எந்த மெஷின், எந்த மாடின்னு பட்டியலோட. மாடிப் பலகை பழசா இருந்தா எத்தனை பேர் தாங்கும்னு கட்டட இன்ஜினியர் ஒருத்தரைக் கூப்பிட்டுப் பார்த்துக்குங்க. டம்மியா இருந்தாலும் துப்பாக்கிக் காட்சின்னு அந்த ஏரியா ஸ்டேஷன்ல முன்கூட்டியே மனு கொடுத்து நகல் கையில வச்சுக்குங்க. வெலிங்டன்ல ராணுவம், அருவங்காட்டுல வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற மாவட்டமுங்க, ராத்திரி துப்பாக்கியோட ஓடறவனைப் பார்த்துட்டு யாரும் சும்மா இருக்க மாட்டாங்க. பக்கத்து ஹட்டியில (படுகர் ஊர்), தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள்ல முதல் நாளே போய்ச் சொல்லிடுங்க. காட்டு ஓரமா இருந்தா வனத்துறை தனி.

மெஷின்ல விளையாட வேண்டாமுங்க. சிடிசி ரோலர் ரெண்டும் எதிரெதிரா, ஒண்ணு நிமிஷத்துக்கு 70 சுத்து, இன்னொண்ணு 700. இலையையே அப்படிக் கிழிக்குது. ஃபேக்டரிக்கு லைன் கரன்ட் இல்லைன்னு நம்பாம, மெயினைப் பூட்டி சாவியை ஒருத்தர் கையிலயே வச்சுக்குங்க. மெஷின் சுத்துற ஷாட் வேணும்னா பெல்ட்டைக் கழட்டிட்டுக் கையால சுத்தி எடுக்கலாம். விசிறி ஓடற ஷாட் மட்டும் நிஜமா எடுத்தா நல்லா இருக்கும்: ட்ரஃப்ல மூணு அங்குலம் காய்ஞ்ச இலை பரப்பி, அடியில ஒளிஞ்சிருக்கிறவன் மேல காத்து அடிச்சா மொத்த இலையும் எழும்பும். அதுக்கு ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் பக்கத்துலயே நிக்கணும், விசிறி முன்னாடி கம்பி வலை இருக்கணும்.

கரடியை மறந்துடுங்க. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இதெல்லாம் வேடிக்கை காட்டப் பழக்கக்கூடாதுன்னு 1998லயே மத்திய அரசு அறிவிக்கை. வேற மிருகம்னாலும் விலங்குகள் நல வாரியத்துல முன் அனுமதி வாங்கணும், சென்சார்ல கேட்பாங்க. கிராஃபிக்ஸ் கரடி உங்க பட்ஜெட்டுல பொம்மை மாதிரி இருக்கும். கோத்தகிரியில கரடி எண்ணெய்க்கும் தீனிக்கும் கதவை உடைச்சு வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க. அதனால கதவு ஆடட்டும், மூச்சுச் சத்தம் வரட்டும், எண்ணெய் டின் உருளட்டும். உள்ள இருக்கிற பத்துப் பேரும் சுடறதை நிறுத்திட்டு ஒரே மூலையில ஒண்ணா ஒட்டிக்கட்டும். கரடி போனதும், யார் யாரைச் சுட்டுக்கிட்டு இருந்தோம்னு ஞாபகப்படுத்திக்கிட்டு அவங்கவங்க இடத்துக்குத் திரும்பட்டும்.

ஏன் யாரும் தப்பிச்சு ஓடலைன்னு கேட்பாங்க. அதுக்கும் ஊர்லயே பதில் இருக்கு. கர்நாடகாவுக்குப் போக பந்திப்பூர் வழி ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடல், 2009ல இருந்து. கீழ இறங்க மேட்டுப்பாளையம் ரோடு 33 கிலோமீட்டர், கணுக்கால்ல குண்டோட கிளட்ச் மிதிச்சு ரெண்டாவது கியர்ல இறங்கணும். அப்புறம் இ-பாஸ். 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கு ஏறுற வெளியூர் வண்டிக்குக் கட்டாயம். மேட்டுப்பாளையம் கோஷ்டி டிஎன் 40 வண்டியில வருது, அவங்க வண்டி நம்பர், எத்தனை பேர், எங்க தங்கறாங்கன்னு நிரப்பிட்டுத்தான் ஏறியிருக்கணும். கூடலூர்க்காரங்க இதே மாவட்டத்து டிஎன் 43, பாஸ் தேவையில்லை. அப்ப விடிஞ்சா போலீஸ் கையில ஒரு கோஷ்டியோட விலாசம் மட்டும் இருக்கும். விக்க வந்தவங்க இது நடுராத்திரியில உணர்றாங்க. எதிராளி ஒருத்தன்கூட உயிரோட போகக்கூடாதுன்னு அவங்களுக்கு அப்பத்தான் காரணம் கிடைக்குது.

பேச்சு. எல்லாரையும் மெட்ராஸ் தமிழ் பேச வைக்காதீங்க. மேட்டுப்பாளையத்து ஆளு சுடறப்பவும் "ஏனுங்க, கொஞ்சம் தலையைத் தூக்குங்க"ன்னு மரியாதையாத்தான் கேப்பாரு. கூடலூர் ஆளுக பேச்சுல மலையாளம் கலந்து வரும். வாட்ச்மேன் இலங்கையில இருந்து தாயகம் திரும்பின குடும்பம்னா, 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்து டேன்டீங்கிற அரசுத் தேயிலைக் கழகத் தோட்டங்கள்ல குடியேறினவங்க வழி, அவர் "தொரை", "லயம்"னு பேசற தமிழ் தனி. அந்தப் பேச்சு தெரிஞ்ச உள்ளூர் நடிகரைப் போடுங்க, நக்கலா மாத்திடாதீங்க. படுகர் பாத்திரம் வச்சா வசனத்தைப் படுகர் ஒருத்தர்கிட்டக் கொடுத்துத் திருத்துங்க.

பதில் 7: டூரிங் டாக்கீஸ்

இ-பாஸ் விஷயம் என் எல்லா யோசனையையும் விட உசத்தி. அதை 45வது நிமிஷத்துல வைங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

சென்சார் பத்தி ஒரு வரி. 2024ல இருந்து யுஏ-வே 7, 13, 16 வயசுன்னு மூணா இருக்கு. 'ஏ' வாங்கினா டிவியில அப்படியே போட முடியாது, பணம் போடறவர் அதைத்தான் முதல்ல கேட்பார். ரத்தம் கொட்டறதை வைட்டுலயும், முகபாவனையை க்ளோஸப்புலயும் எடுத்து வச்சா பின்னாடி வெட்ட வசதி.

பதில் 8: கட்டபெட்டு கதைக்காரன்

எல்லாத்தையும் தாளில் ஏத்திட்டேன். கடைசி ஷாட் மட்டும் பாக்கி. கலசம் ஈயம்னு தெரிஞ்சாச்சு, பி.எஸ்.ஸி. பையன் மட்டும் வாட்ச்மேன் பைக்குல கீழ இறங்குறான், கையில காசு இல்ல. அதுக்கப்புறம் என்ன காட்டறது?

பதில் 9: தொட்டபெட்டா லென்ஸ்

பைக் நாலாவது வளைவுல நிக்கட்டும். ஸ்டார்ட் ஆகல. பையன் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டித் துடைக்கிறான். இரிடியம் பிளக், கடையில சில நூறு ரூபா. நடு முனை 0.4லிருந்து 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனா நிஜ இரிடியம். பிளக் உடம்புல எழுதியிருக்கிறதை அவன் படிக்கிறான். 100 மில்லிமீட்டர் மேக்ரோ, எஃப் 8, ட்ரைபாட். எழுத்தும் முனையும் ஒரே ஃபோகஸ்ல வராது, தனித்தனியா ரெண்டு ஷாட் எடுங்க. புது பிளக்கை மெழுகுவத்திப் புகையில லேசா கருக்கிக்கங்க. ஆத்துல நனைச்ச கைக்குட்டையால துடைக்கிற மாதிரி எடுக்காதீங்க, பைக் தெரிஞ்சவன் சிரிச்சுடுவான்.